தத்துவ நாவலைப் பல பாகப் படமாக எடுத்தால் தேறுமா?

கேள்வி: ஒரு பெரிய தத்துவ நாவலை இரண்டு, மூன்று பாகப் படங்களாக எடுக்க முடியுமா? ‘அட்லஸ் ஷ்ரக்ட்’ படங்கள் ஏன் எடுபடவில்லை?

முடியும் என்றுதான் நம்புகிறேன். சில வருடங்களுக்கு முன் சாலிகிராமத்தில் ஒரு குழுவோடு உட்கார்ந்து, தமிழ் நாவல் ஒன்றை இரண்டு பாகத் திரைக்கதையாக மாற்றும் வேலையில் மூன்று மாதம் இருந்தேன். படம் நடக்கவில்லை. ஆனால் இந்தக் கேள்வியைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த அறையில் கற்றதுதான்.

முதலில் அட்லஸ். திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோட்டுப் பழைய புத்தகக் கடையில் வாங்கி, தாம்பரம் மின்சார ரயிலில் போகவரப் படித்தேன். மனிதன் தனக்காகவே வாழ வேண்டும் என்கிற, அதை எழுதிய அயன் ராண்டின் கருத்துகளோடு எனக்கு நிறையச் சண்டை உண்டு. அப்படியும் பல இடங்களில் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, கிண்டி தாண்டிப் பல்லாவரம் வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இந்தக் கவிழ்த்துவைக்கும் நேரம்தான் தத்துவ நாவலின் உயிர். எழுத்தாளர் சொன்னதை நம் வாழ்க்கையோடு உரசிப் பார்ப்பது அப்போதுதான். திரையரங்கில் அது கிடைக்காது. யோசிக்க ஆரம்பித்தால் அடுத்த காட்சி போய்விடும்.

அதனால்தான் பல பாகமாக எடுப்பது நல்ல யோசனை என்கிறேன். ஒரு பாகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள மாதங்கள், புத்தகத்தைக் கவிழ்த்துவைக்கும் நேரம் மாதிரி. அந்த இடைவெளியில் பார்வையாளர் எதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறார் என்பதுதான் விஷயம். ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் முடிந்தபோது ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்டோம். சாகசக் கதைக்கு அது சரி. தத்துவக் கதை பார்த்தவர், ‘அவன் செய்தது சரியா?’ என்ற கேள்வியோடு வெளியே வர வேண்டும்.

அட்லஸ் படங்களில் இதற்கு வழியே இல்லாமல் போனது. 1957இல் வந்த நாவல் அது. மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் தர்க்கவியல் விதி ஒன்று தலைப்பு. மூன்று படத்துக்கு ஏற்ற கட்டுமானம் நாவலிலேயே இருக்கிறது. ஆனால் 1992இல் உரிமை வாங்கிய தயாரிப்பாளர், அது காலாவதியாகும் தறுவாயில், 2010 ஜூனில் அவசரமாகப் படப்பிடிப்பைத் தொடங்கினார். 2011இல் வந்த முதல் பாகத்துக்குச் செலவு சுமார் 2 கோடி டாலர். வசூல் 50 லட்சம் டாலரைத் தொடவில்லை. 2012இல் இரண்டாவது, 2014இல் மூன்றாவது. ஒவ்வொரு முறையும் இயக்குநர் வேறு, கதாநாயகி வேறு, மற்ற முக்கிய வேடங்களிலும் வேறு முகங்கள். ஒரு மனுஷியின் நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாக உடைவதைச் சொல்லும் கதையில் முகமே மாறிக்கொண்டிருந்தால் எந்த உடைவை நாம் பார்ப்பது? மூன்றாம் படத்தின் வசூல் 10 லட்சம் டாலர்கூட இல்லை.

இன்னொரு சிக்கல், நாயகன் ஜான் கால்ட் தன் தத்துவத்தை விளக்கும் வானொலிப் பேச்சு. நாவலில் சுமார் 60 பக்கம். படத்தில் சில நிமிடமாகச் சுருக்கினார்கள். சுருக்கியது தப்பில்லை, முழுதாக வைத்திருந்தாலும் தாங்காது. அந்தக் கருத்தை அதற்கு முன்பே ஒருவருடைய வாழ்க்கையில் நடக்கவிட்டுக் காட்டியிருந்தால் பேச்சு கொஞ்சம் போதும். காட்டாதபோது எத்தனை நிமிடம் பேசினாலும் அது மேடைப் பேச்சுதான்.

டால்ஸ்டாயின் நாவலை வைத்து சோவியத் இயக்குநர் போந்தார்சுக் எடுத்த ‘போரும் அமைதியும்’ இதை அழகாகச் செய்தது. 1966, 67இல் வந்த நான்கு பாகங்கள், மொத்தம் சுமார் 7 மணி நேரம். ஒரே இயக்குநர், அதே நடிகர்கள். நாயகர்களில் ஒருவனான பியேராக நடித்ததும் அவரேதான். நாவலின் கடைசியில் வரலாறு, சுதந்திரம் பற்றி டால்ஸ்டாய் எழுதிய நீண்ட கட்டுரையைப் படம் தொடவே இல்லை. பட்டுப்போன மாதிரி நிற்கும் ஓக் மரத்தை இன்னொரு நாயகன் ஆந்திரேய் பார்க்கிறான். பிறகு அதே மரம் துளிர்த்து நிற்கிறது. அவன் மனம் திரும்புவதற்கு அது போதுமாக இருக்கிறது. மாம்பலத்தில் என் அறையில் நான்கு இரவுகளாக, இரவுக்கு ஒன்றாகப் பார்த்தேன். பகலெல்லாம் அந்த மரம் கூடவே வந்தது.

நம் ஊரிலும் இதற்கு ஆள் இருந்தார். ஜெயகாந்தன் ‘அக்னிப் பிரவேசம்’ சிறுகதையில், முன்பின் தெரியாதவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளை அம்மா ஏற்றுக்கொள்கிறாள். அந்த அம்மா ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டு ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எழுதினார். 1977இல் அவருடைய திரைக்கதையிலேயே பீம்சிங் படமாக்கினார், லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. பிறகு ‘கங்கை எங்கே போகிறாள்’ என்று கதை இன்னும் நீண்டது. ஒரே கேள்வியை ஒரு பெண்ணின் வயதோடு வளரவிட்டிருக்கிறார். பல பாகக் கதைக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

சரி, சாலிகிராமத்துக்கு வருகிறேன். நாங்கள் எடுத்த நாவலின் நாயகன், மனிதன் எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ளக் கூடாது என்று நம்புகிறவன். நண்பனோடு அவன் நடத்தும் நாற்பது பக்க வாக்குவாதம்தான் நாவலின் நடுப்பகுதி. அதை ஆறு சீனாகப் பிரித்து, கடற்கரையில் ஒன்று, மொட்டை மாடியில் ஒன்று என்று இடம் மாற்றி மாற்றி எழுதினேன். படித்துக் காட்டியபோது எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவர் முகமும் மாறவில்லை. இணை இயக்குநர் மட்டும், “தம்பி, இப்படி நம்புறதால அவனுக்கு என்ன போச்சு? அதை எழுதுப்பா” என்றார்.

இரண்டு நாள் கழித்து வேறு ஒரு சீன் எழுதினேன். அப்பா இறந்தபின் சொந்த வீட்டில் அவனுக்குள்ள பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தரச் சொல்லி அண்ணன் அவனைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போகிறான். அவன் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கைநாட்டும் வைக்கிறான். வெளியே வேப்பமரத்தடியில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் மனைவி, அவன் விரலில் இருக்கும் மையைப் பார்க்கிறாள். வசனம் கிடையாது. முதல் பாகம் அங்கே முடியும். அன்றைக்கு அறையில் அரை மணி நேரம் சண்டை நடந்தது. பாதிப் பேர் அவன் பக்கம், பாதிப் பேர் அவள் பக்கம். “அண்ணே, இது போதும்ணே” என்று இணை இயக்குநரிடம் சொன்னேன்.

அப்புறம் தயாரிப்புத் தரப்பிலிருந்து, முதல் பாகம் ஓடட்டும், இரண்டாவதைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். பதில் வராத கேள்வியோடு முடியும் படத்தை இரண்டாம் பாகம் உறுதியாகாமல் வெளியிட இயக்குநருக்கு மனமில்லை. நடிகரும் ஒரு படத்துக்குத்தான் கால்ஷீட் தர முடியும் என்றார். அத்தோடு நின்றது. நீங்கள் யாராவது இதில் இறங்கினால், எல்லாப் பாகத்துக்கும் பணமும் தேதியும் கையில் வந்தபிறகு முதல் ஷெட்யூலுக்குப் போங்கள். ‘பொன்னியின் செல்வன்’ இரண்டு பாகத்தையும் சேர்த்தே எடுத்ததை மறக்க வேண்டாம்.

முதல் பாகத்தின் திரைக்கதை இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. இரண்டாம் பாகத்தை அவனிடமிருந்து ஆரம்பிப்பதாகத்தான் அப்போது திட்டம். இப்போது எழுதினால் அந்த வேப்பமரத்தடியில், அவளிடமிருந்து ஆரம்பிப்பேன்.