சுருட்டி வைத்த வரைபடத்தை விரியுங்கள்: சமூக அறிவியல் ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதி வரைபடம் பற்றியவை. அதனால் அந்தப் பதில் நீண்டுவிட்டது. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் பள்ளியில் இணைய வசதி இல்லை. பாடநூலில் இருக்கும் கியூஆர் குறியீட்டை எப்படிப் பயன்படுத்துவது?
வீட்டிலேயே தீக்‌ஷா செயலியில் காணொலியைத் தரவிறக்கிக்கொண்டு போங்கள், வகுப்பில் இணையமில்லாமல் ஓடும். முதல் நாளே ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடுங்கள். பார்க்காமல் போட்டுக் காட்டாதீர்கள்.

ஆசிரியர்களுக்கான நிஷ்தா இணையவழிப் பயிற்சியில் எல்லாக் காணொலிகளையும் ஓடவிட்டேன். சான்றிதழ் வரவில்லையே?
"ஓடவிட்டேன்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு மதிப்பீடு இருக்கிறது, அதில் தேற வேண்டும். ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்வது, கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பதற்கல்ல.

பண்பாட்டு வளங்கள் பயிற்சி மையம் டெல்லியில் நடத்தும் பயிற்சிக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாமா?
பொதுவாகக் கல்வித் துறை வழியாகத்தான் பெயர் போகும். விருப்பத்தைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்னால் மறந்துபோகும்.

பத்தாம் வகுப்பு மாணவர்களைக் கையேட்டில் உள்ள இடங்களைத் தினமும் குறிக்கச் சொல்கிறேன். ஆனாலும் தேர்வில் இடம் மாற்றிவிடுகிறார்கள். முழு மதிப்பெண்ணுக்கு எளிய வழி என்ன?
மாதம் தவறாமல் வரும் கேள்வி. நீங்கள் புள்ளி வைக்கக் கற்றுத்தருகிறீர்கள், வரைபடம் படிக்க அல்ல. கையேட்டுப் படத்தை விட வினாத்தாள் படம் கொஞ்சம் பெரிதாக இருந்தால் போதும், ஜாம்ஷெட்பூர் ஒடிசாவுக்குள் இறங்கிவிடும்.

முதலில் ஆறுகளை வரையச் சொல்லுங்கள், ஊர்கள் பிறகு வரட்டும். காவிரி கைக்கு வந்துவிட்டால் மேட்டூர், ஈரோடு, திருச்சி, பூம்புகார் வரிசையாக வந்து உட்காரும். சோட்டாநாக்பூரின் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் எங்கே என்று தெரிந்த பிள்ளைக்கு உருக்காலைகளின் இடம் தானே விளங்கும்.

வரைபடத்தைச் சுவரிலிருந்து இறக்கித் தரையில், வடக்கை வடக்கு நோக்கி விரியுங்கள். ஆண்டு முழுவதும் சுவரிலேயே பார்த்த பிள்ளைகளிடம் "வடக்கு எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். கூரையைக் காட்டுவார்கள். நான் கண்டிருக்கிறேன்.

ஒரு பள்ளியில் பீரோவுக்குப் பின்னால் சுருட்டிக் கிடந்த தமிழ்நாடு வரைபடத்தை எடுத்து விரித்தேன். 32 மாவட்டங்கள்! இப்போது 38. பக்கத்திலிருந்த இந்தியப் படத்தில் தெலங்கானா பிறக்கவே இல்லை, லடாக் தனியாகவில்லை. 28 மாநிலங்கள், 8 யூனியன் பிரதேசங்கள் என்று கரும்பலகையில் எழுதிவிட்டுப் பழைய படத்தைக் காட்டினால், பிள்ளை எதை நம்பும்? இந்திய நில அளவைத் துறையின் இணையதளத்தில் எல்லைக்கோட்டு வரைபடம் இலவசமாகவே கிடைக்கிறது. நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த, நாட்டின் பெரும் முக்கோண அளவைப் பணி 1802இல் சென்னை பரங்கிமலைப் பக்கம்தான் தொடங்கியது. அந்த ஊரை உள்ளடக்கிய மாநிலத்தில் வரைபடம் பீரோவுக்குப் பின்னால் கிடக்கிறது.

நகல் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள், எத்தனை முறை சொன்னாலும் போதாது. பெரிதாக்கினால் 1:50,000 என்ற பிரதிபின்னம், அதாவது படத்தில் 1 செ.மீ. நிலத்தில் 50,000 செ.மீ. என்ற விகிதம், பொய்யாகிவிடும். தூரத்தைக் கோடாக வரைந்து காட்டும் கோட்டளவை மட்டுமே படத்தோடு சேர்ந்து நீளும்.

உத்திரமேரூர்க் குடவோலை முறையை வகுப்பில் நடித்துக் காட்டினோம். மாணவர்கள் அனைவரும் ஓட்டுப் போட்டார்கள். வேறு என்ன சேர்க்கலாம்?
சேர்ப்பதற்கு முன் ஓட்டை நீக்குங்கள். குடவோலை என்பது குலுக்கல். தகுதியுள்ளவர்களின் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, விவரம் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) தகுதியைத் தெளிவாகச் சொல்கின்றன: கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதப் பயிற்சி. பிராமணர்களின் சபை அது, பெண்களுக்கு இடமில்லை. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரோடு அவர் உறவினரும் விலக்கு. இந்த விதிகளைப் பலகையில் எழுதி, "உங்களில் யார் பெயர் குடத்துக்குள் போகும்?" என்று கேளுங்கள். அநேகமாக ஒருவர் பெயரும் போகாது. பாடம் அங்கே தொடங்கட்டும்.

குடிமையியல் களப்பயணத்துக்குப் பணம் இல்லை.
கிராம சபைக்கு டிக்கெட் கிடையாது. ஆண்டுக்கு 6 முறை நடக்கிறது. கொடியேற்றம் முடிந்ததும் ஜனவரி 26, ஆகஸ்டு 15 நாட்களில் பெரிய வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப் போய்ப் பின்வரிசையில் உட்கார வையுங்கள். யார் பேசினார், யார் பேசவில்லை, எது தீர்மானமானது என்று குறித்துவரட்டும். ஊராட்சித் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உலக உருண்டை வாங்கப் போகிறோம். விளக்கு எரிவது நல்லதா?
விளக்கு வேண்டாம், அச்சு 23½ பாகை சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கூடவே ஒரு நூல்கண்டு வாங்குங்கள். சென்னைக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்தால், அது பசிபிக் நடுவே போகாமல் சைபீரியா வழியாக ஏறி இறங்கும். ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள்.