சிக்னலில் நிறுத்தும்போது பழைய கார் ஆஃப் ஆகிறது, பெட்ரோல் பம்ப்பை மாற்றலாமா?

நீங்கள் சொன்னதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். 2005 மாடல் பெட்ரோல் கார், கியர் வண்டி, அப்பா வைத்திருந்தது. ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலை நெரிசலில் வேகத்தைக் குறைத்து, கிளட்ச்சை மிதித்து நிறுத்தப் போகும் நேரத்தில் ஆஃப் ஆகிவிடுகிறது. சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர் எல்லாம் மாற்றியாயிற்று. மெக்கானிக் ஐடிலிங்கை, அதாவது காலை எடுத்த பிறகு எஞ்சின் சும்மா ஓடும் வேகத்தை, ஏற்றிவிட்டார், கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, மறுபடியும் அதே கதை. இப்போது பெட்ரோல் பம்ப்பை மாற்றச் சொல்கிறார்.

இப்போதைக்கு மாற்றாதீர்கள். பம்ப் வீக்கானால் வண்டி முதலில் திணறுவது பெட்ரோல் நிறையக் கேட்கும் இடத்தில்தான். கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது இழுக்காது, பைபாஸில் லாரியை ஓவர்டேக் செய்யும்போது பின்வாங்கும். ஐடிலிங்கில் எஞ்சின் குடிப்பது அதில் ஒரு சிறு பங்கு. ஏற்றத்தில் ஜோராக இழுத்துவிட்டு, நிற்கும்போது மட்டும் சாகிற வண்டிக்குப் பம்ப்பைச் சந்தேகப்படுவது கடைசியில் வர வேண்டிய விஷயம். நான் மெக்கானிக் இல்லை. அம்பத்தூரில் பழைய பெட்ரோல் வண்டியை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பானெட்டுக்குள் தலையை விடுகிறவன். ஆனால் இந்த ஒரு வியாதியை நிறைய வண்டிகளில் பார்த்திருக்கிறேன்.

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடிக்குள் இருக்கும் தட்டு மூடிக்கொள்கிறது. அதற்குப் பிறகு எஞ்சினுக்குக் காற்று போக, தட்டைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு சின்ன பைபாஸ் வழிதான் மிச்சம். அந்த வழியை எவ்வளவு திறப்பது என்று தீர்மானிப்பது ஐடில் கன்ட்ரோல் வால்வு. வேகம் குறைந்து ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு) இரண்டாயிரத்திலிருந்து விழும்போது, 800, 900 பக்கம் வருவதற்குள் இந்த வால்வு திறந்து எஞ்சினைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். கரி பிடித்து வழி குறுகியிருந்தாலோ வால்வு சோம்பலாக அசைந்தாலோ ஆர்பிஎம் மீட்டரின் முள் 800-ல் நிற்காமல் 500, 400 என்று போய் அப்படியே அணைந்துவிடும். ஓடும்போது தட்டு திறந்திருப்பதால் இந்தக் கோளாறு வெளியே தெரியாது. ‘ஓடும்போது ஒரு குறையும் இல்லை’ என்று நீங்கள் எழுதியதுதான் எனக்கு முதல் துப்பு.

எதையும் கழற்றுவதற்கு முன்னால், அணைவதற்கு முந்தைய இரண்டு விநாடிகளில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். ஸ்கேனரை விட இது அதிகம் சொல்லும். 2010-ல் பிஎஸ் 4 புகை விதி வந்தபோதுதான், வண்டி தன் கோளாறைத் தானே ஸ்கேனருக்குச் சொல்லும் ஓபிடி வசதி இங்கே கட்டாயமாயிற்று. அதற்கு முந்தைய பல வண்டிகள் ஆன்லைனில் விற்கும் அந்த ப்ளூடூத் டாங்கிளிடம் வாயே திறக்காது.

வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் எஞ்சினை நன்றாகச் சூடாக விடுங்கள். மூவாயிரம் வரை ரேஸ் செய்து சட்டென்று காலை எடுங்கள். முள் கொஞ்சம் கீழே போய்த் திரும்பி ஐடிலிங்கில் உட்கார்ந்தால் நல்லது. அணைந்தால், அல்லது அணையப் போய் உதறிவிட்டு எழுந்தால், பிரேக்கையும் கிளட்ச்சையும் சந்தேகப்படுவதை விட்டுவிடுங்கள், குற்றவாளி ஐடிலிங் பக்கம்தான். அடுத்து ஏசியைப் போடுங்கள். கம்ப்ரஸர் பிடிக்கும் ‘டக்’ சத்தத்தோடு முள் ஒரு கணம் இறங்கி, உடனே பழைய இடத்துக்கோ கொஞ்சம் மேலேயோ வர வேண்டும். இறங்கியது இறங்கியபடியே இருந்து வண்டி நடுங்கினால், வால்வு பேச்சைக் கேட்கவில்லை என்று அர்த்தம். கத்திரி வெயிலில் இந்தத் தொல்லை கூடுவதற்கும் இதுதான் காரணம், ஏசியும் ஃபேனும் சேர்ந்து எஞ்சினை அழுத்துகின்றன.

அணைந்த பிறகு ஸ்டார்ட் செய்யும்போது இன்னொன்றையும் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால் அணையாமல் ஓடுகிறது, காலை எடுத்தால் அணைந்துவிடுகிறது என்றால் காற்று பற்றவில்லை என்று கிட்டத்தட்ட முடிவே செய்யலாம். சூடாகி அணைந்து, அரைமணி நேரம் ஆறினால்தான் ஸ்டார்ட் ஆகும் என்றிருந்தால் கதையே வேறு, எஞ்சின் சுழல்வதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்ஸரைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு அப்படி இல்லை.

நின்ற இடத்தில் எல்லாம் சரியாக இருந்து, ஓடி நிற்கும்போது மட்டும் அணைந்தால், பெடலை லேசாக மிதித்தாலே பிரேக் பிடிக்க உதவும் பிரேக் பூஸ்டரைப் பாருங்கள். எங்கள் கீழ்வீட்டு அண்ணன் வண்டியில் அதுதான். “தம்பி, பிரேக்ல கால வெச்சாலே ஆஃப் ஆவுதுப்பா” என்று அவர் சொன்னபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டிரைவர் சீட்டுக்கு முன்னால் குனிந்து, பெடலைக் கையால் அழுத்திக் காது வைத்துக் கேட்டால் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து ‘ஸ்ஸ்...’ என்று விடாத சத்தம். பூஸ்டர் எஞ்சினின் வேக்கத்தில், அதாவது அது காற்றை உறிஞ்சும் இழுப்பில், வேலை செய்கிறது. உள்ளே டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்திருந்தால், பெடலை மிதிக்கும்போதெல்லாம் கணக்கில் வராத காற்று அந்த ஓட்டை வழியாக எஞ்சினுக்குள் போகும். பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸைத் துணி சுற்றிய பிளையரால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பெடலை மிதித்தோம், எஞ்சின் அசையவில்லை. விட்டதும் மறுபடி உதறல். நோய் அங்கேயே தெரிந்துவிட்டது. இதை நின்ற வண்டியில் மட்டும்தான் செய்ய வேண்டும், ஹோஸை அழுத்தியிருக்கும்போது பிரேக்குக்கு உதவி கிடைக்காது.

பிளையர் இல்லாமலும் பூஸ்டரைச் சோதிக்கலாம். எஞ்சினை அணைத்துப் பெடலை நாலைந்து முறை மிதித்தால் கட்டையாகிவிடும். அப்படியே மிதித்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டரோ, அதன் ஹோஸோ, ஒருவழி வால்வோ போயிருக்கிறது. அது பிரேக் விஷயம், ஐடிலிங்கை விட அவசரம்.

உங்கள் விவரத்தைப் பார்த்தால் எனக்குத் த்ராட்டில் பாடி மேல்தான் சந்தேகம் அதிகம். எஞ்சின் ஆறிய பிறகு ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து வரும் ரப்பர் குழாயின் கிளிப்பைத் தளர்த்தி இழுத்தால் தட்டு தெரியும். 2005 வாக்கில் வந்த வண்டிகளில் பெரும்பாலும் தட்டை இழுப்பது ஆக்ஸிலரேட்டர் கேபிள்தான், கையாலேயே திறக்கலாம். திறந்து, தட்டின் விளிம்பு சுவரில் போய்ச் சேரும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். மற்ற இடத்தில் அலுமினியம் மங்கலாக இருக்கும், அந்த இடத்தில் மட்டும் கறுப்பாக, பிசுபிசுவென்று ஒரு வளையம். விரலை வைத்தால் தோசைக்கல்லில் படிந்த பழைய எண்ணெய்க் கரி போல ஒட்டும். எஞ்சினிலிருந்து திரும்பி வரும் எண்ணெய்ப் புகைதான் இப்படிப் படிகிறது. நாள் முழுக்க முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்தே பழகிய சென்னை வண்டிகளில் இது சீக்கிரம் சேரும் என்பது என் அனுபவம்.

த்ராட்டில் பாடி கிளீனர் ஸ்ப்ரே சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அதைத் துணியில் அடித்துத் துடையுங்கள், நேராக உள்ளே வெள்ளமாக அடிக்காதீர்கள். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டுவது, உப்புத்தாள் போடுவது எதுவும் கூடாது, தட்டு உட்காரும் இடம் கெட்டுவிடும். சுவரின் ஓரத்தில் இருக்கும் பைபாஸ் துவாரத்தை மறக்க வேண்டாம், பாதிப் பேர் தட்டை மட்டும் பளபளவென்று துடைத்துவிட்டு அதை விட்டுவிடுகிறார்கள். ஐடில் வால்வைக் கழற்றினால் அதன் முனையில் உள்ள கரியை மட்டும் துடைக்க வேண்டும். மோட்டார் பக்கம் ஸ்ப்ரே இறங்கக் கூடாது. முனையைக் கையால் பலமாகத் தள்ளினால் உள்ளே பல் உடைந்துவிடும். பழைய ரப்பர் ரிங் தட்டையாகியிருந்தால் புதிது போட்டுவிடுங்கள். அந்த ஸ்க்ரூக்கள் வருடக்கணக்கில் இறுகியிருக்கும். சரியான பிட் இல்லாமல் கை வைத்தால் தலை வழுக்கிவிடும், அப்புறம் டிரில்தான்.

இப்போது உங்கள் மெக்கானிக் ஐடிலிங் ஏற்றிய விஷயத்துக்கு வருகிறேன். “ஐடிலிங் கொஞ்சம் ஏத்தி வுட்டுட்டேன் சார், இனிமே ஆஃப் ஆவாது” என்பது சென்னையில் எந்த ஷெட்டிலும் கேட்கிற வசனம். கார்புரேட்டர் வண்டியில் அதற்கென்றே ஸ்க்ரூ இருக்கிறது, அங்கே நியாயம். இன்ஜெக்ஷன் வண்டியில் தட்டு முழுசாக மூடாமல் தடுக்கும் ஸ்க்ரூவைத் திருகுவது வேறு வேலை. அடைத்துக்கொண்ட வழிக்குப் பதிலாகத் தட்டையே கொஞ்சம் திறந்து வைக்கிறார்கள். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரோ த்ராட்டில் சென்ஸர் சொல்வதை வைத்து, இன்னும் டிரைவரின் கால் ஆக்ஸிலரேட்டரில் இருக்கிறது என்று நினைத்து ஐடிலிங்கைக் கவனிக்காமலே விட்டுவிடலாம். கரி இன்னும் சேர்ந்ததும் அந்தச் சந்தும் அடைபடும். ‘கொஞ்ச நாள் நன்றாக இருந்தது’ என்று நீங்கள் எழுதியது இதற்குப் பொருந்துகிறது. சுத்தம் செய்த பிறகு அந்த ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஐடிலிங் ஆயிரத்து இருநூறில் அலறும், அதையும் யாராவது இன்னொரு சென்ஸர் மேல் போடுவார்கள்.

சுத்தம் செய்த அன்றைக்கு ஐடிலிங் கொஞ்சம் தாறுமாறாக இருக்கலாம், பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் அழுக்குத் தட்டுக்குப் பழகியிருக்கிறது. ஏசி, லைட் எதுவும் போடாமல் பத்து நிமிடம், பிறகு ஏசி போட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் பெரும்பாலான வண்டிகள் சரியாகிவிடும். சில மாடல்களுக்குத் தனி முறை உண்டு, உங்கள் வண்டியின் மேனுவலில் பாருங்கள்.

இதிலும் தீராவிட்டால் மற்றவை. வேக்கம் ஹோஸ்களில் வெடிப்பு இருந்தால் ஐடிலிங் ஏறி இறங்கி ஆடும். சூடான எஞ்சினில் கிளீனர் ஸ்ப்ரே அடித்து லீக் தேடுவது எனக்குப் பிடிக்காத வேலை, தீப்பிடிக்கும். பாட்டிலில் தண்ணீர் எடுத்து ஹோஸ் மூட்டுகளில் லேசாகத் தெளித்தாலே சத்தம் மாறுகிறதா என்று தெரிந்துவிடும். பிளக் வயர் பக்கம் தெளிக்காதீர்கள். ஸ்பீடோமீட்டர் முள்ளும் அடிக்கடி செத்துப்போகிறதா? சில வண்டிகளில் கம்ப்யூட்டர் வண்டியின் வேகத்தைப் பார்த்துத்தான் நிற்கும் வரை ஐடிலிங்கைத் தூக்கிப் பிடிக்கிறது. ஸ்பீடு சென்ஸர் போனால் முள்ளும் போகும், சிக்னலில் எஞ்சினும் போகும். புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் இஜிஆர் வால்வு இருக்கிற வண்டியில் அது திறந்தபடி மாட்டிக்கொண்டாலும் இதே குணம்தான். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடற்கரைப் பக்கம் நிறுத்துகிற வண்டி என்றால் பேட்டரியிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போகும் எர்த் வயரைக் கழற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள், உப்புக்காற்றில் பச்சை பூத்திருக்கும். எஞ்சின் ஓடும்போது மல்டிமீட்டரில் 13.8-லிருந்து 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும்.

இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது)தான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கென்று செய்யப்படாத பழைய வண்டியில் ரப்பர் குழாய்களையும் ஃபில்டரையும் கவனிக்க வேண்டியதுதான். ஆனால் எரிபொருள்தான் பிரச்சினை என்றால் காலையில் குளிர்ந்த ஸ்டார்ட்டிலும் பிக்கப்பிலும் கொஞ்சமாவது தெரியும். நிற்கும்போது மட்டும் வருகிற கோளாறை அதன் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

காசு அதிகம் ஆகாத இன்னொரு சோதனை, புகைப் பரிசோதனைச் சான்றிதழ். எப்படியும் எடுத்துத்தான் ஆக வேண்டும், எடுக்கும்போது தாளில் உள்ள எண்ணைப் படியுங்கள். ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று இருக்கும். பிஎஸ் 2, பிஎஸ் 3 பெட்ரோல் கார்களுக்கு வரம்பு 0.5 சதவீதம். அது எகிறியிருந்தால் கலவையில் பெட்ரோல் அதிகம். அது குறைவாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறியிருந்தால் எஞ்சின் மிஸ் அடிக்கிறது, அதாவது சில சுற்றில் பெட்ரோல் எரியாமல் போகிறது, காற்று லீக்கைத் தேடலாம். குழாயை சைலன்ஸருக்குள் உண்மையிலேயே விட்டு அளக்கிற இடமாகப் பார்த்துப் போங்கள், அவ்வளவுதான்.

சரி செய்கிற வரை ஒரு எச்சரிக்கை. ஓட்டத்தில் எஞ்சின் அணைந்தால் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்கம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். அதனால் பெடலை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி நிறுத்துங்கள். பவர் ஸ்டீயரிங் கனத்துவிடும், அதையும் எதிர்பார்த்திருங்கள். வண்டி உருளும்போது சாவியை எடுத்துவிடாதீர்கள், ஸ்டீயரிங் லாக் விழுந்துவிடும்.

ஐடில் வால்வு போய்விட்டது என்று உறுதியாகி, புதிது கிடைக்காமல் புதுப்பேட்டையில் செகண்ட்ஸ் தேடப் போவதாக இருந்தால், பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். கனெக்டரில் பின் எண்ணிக்கை, உடம்பில் அடித்திருக்கும் பார்ட் நம்பர், முனையின் நீளம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். “எல்லாம் ஒண்ணுதாண்ணா, மாட்டினா வேலை செய்யும்” என்பார்கள். நம்பர் பொருந்தாவிட்டால் வாங்காதீர்கள். கடை விட்டுக் கிளம்பும் முன் ‘வேலை செய்யவில்லை என்றால் மாற்றித் தருவேன்’ என்று பில்லிலேயோ ஒரு துண்டுச் சீட்டிலேயோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.