சிம் செருக இடம் இருக்கிறது, சிக்னலைக் காணோம்

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு லெனோவோ திங்க்பேட் டி480 லேப்டாப் வாங்கினேன். சிம் செருக இடம் இருக்கிறது, ஆனால் சிம் போட்டால் ஒன்றுமே நடக்கவில்லை. டிரைவர் போட்டால் வந்துவிடும் என்கிறார் கடைக்காரர். உள்ளே 4ஜி கார்டு இருக்கிறதா என்று கழற்றாமலே பார்க்க முடியுமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: முடியும். சிம் ஓட்டை இருப்பதை மட்டும் வைத்து எதையும் நம்பாதீர்கள். இந்த மாடலில் 4ஜி கார்டு, வாங்கும்போது தனியாகக் காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்கிற சமாசாரம். கார்டு இல்லாத மெஷினிலும் சிம் போடும் இடம் இருக்கலாம்.

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியை விரித்துப் பாருங்கள். வைஃபை, ஈதர்நெட், புளூடூத் தவிர ஃபிபோகாம், சியரா வயர்லெஸ் (4ஜி கார்டு செய்யும் கம்பெனிகள்) என்றோ மொபைல் பிராட்பேண்ட் என்றோ ஏதாவது தெரிந்தால் கார்டு இருக்கிறது. டிரைவர் மட்டும்தான் குறை என்றால், அதர் டிவைசஸ் என்ற தலைப்பின் கீழ் மஞ்சள் முக்கோணத்தோடு பெயர் தெரியாத ஒரு சாதனமாவது நிற்கும். அதுவும் இல்லையா, அப்புறம் எந்த டிரைவரைப் போட்டு என்ன பயன், கடைக்காரர் சும்மா சமாளிக்கிறார்.

ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் பயாஸை, அதாவது விண்டோஸ் தொடங்குமுன் வரும் செட்டிங்ஸ் திரையை, ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மெஷினை ஆன் செய்ததும் எஃப்1 அழுத்தி, செக்யூரிட்டியில் ஐ/ஓ போர்ட் அக்சஸ் பகுதிக்குப் போனால் வயர்லெஸ் வேன் (Wireless WAN, 4ஜி கார்டைத்தான் இப்படிச் சொல்கிறார்கள்) என்று ஒரு வரி இருக்கும். ஆபீஸ்களில் ஓடிவிட்டு வரும் மெஷின்களில் இதை அணைத்து வைத்திருப்பதுண்டு, அணைத்திருந்தால் கார்டு இருந்தாலும் விண்டோஸுக்குத் தெரியாது. லெனோவோ தளத்தில் சீரியல் நம்பரைப் போட்டு, ஃபேக்டரியிலிருந்து எந்தெந்தப் பாகங்களோடு வெளிவந்தது என்றும் பார்க்கலாம், ஆனால் நடுவில் யாராவது கழற்றி விற்றிருந்தால் அந்தப் பட்டியலுக்கு எப்படித் தெரியும்?

கார்டு இல்லை என்று உறுதியானால், தனியாக வாங்கிப் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அதற்குக் கட்டாயம் கழற்றித்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் கார்டு இல்லாமல் வந்த பல மெஷின்களில் ஆன்டெனா ஒயரும் இருக்காது. பின்மூடியைத் திறந்தால் வைஃபைக்குக் கறுப்பும் சாம்பலும், 4ஜிக்குச் சிவப்பும் நீலமும் என்று ஒயர்கள் ஓடும். சிவப்பு, நீலத்தைக் காணோம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். 4ஜி கார்டு உட்காரும் எம்.2 ஸ்லாட்டில் முன்னால் வைத்திருந்தவர் ஒரு குட்டி எஸ்எஸ்டியை (ஃபைல்களைச் சேமிக்கும் டிரைவ்) சொருகியிருக்கவும் வாய்ப்பு உண்டு, அப்படியென்றால் உங்களுக்கு லாபம்தான். ஒயர் இருந்தாலும் கண்ட கார்டையும் வாங்காதீர்கள், லெனோவோ அங்கீகரிக்காத கார்டைப் போட்டால் 1802 என்று பிழை காட்டி மெஷின் பூட் ஆகாமல் நின்றுவிடலாம். என்னைக் கேட்டால், போன் ஹாட்ஸ்பாட் இருக்கும்போது இவ்வளவு செலவும் தலைவலியும் எதற்கு?

கேள்வி: கீபோர்டில் லைட் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதுவும் திங்க்பேட்தான். (வாசகர், காரைக்குடி)

பதில்: எஃப்என் விசையை அழுத்திக்கொண்டு ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். இரண்டு மூன்று தடவை தட்டியும் எரியவில்லை, ஸ்பேஸ் பாரில் விளக்குப் படமும் இல்லை என்றால் உங்களுடையது லைட் இல்லாத கீபோர்டு. இதற்கு டிரைவர் தேட வேண்டாம்.