பனிச்சறுக்கும் வெந்நீர் ஊற்றும்: பேக்கேஜ் வாங்கலாமா?

கேள்வி: தென்கொரியாவில் சுவோன் நகரில் வேலை பார்க்கிறேன். மனைவி, ஒன்பது வயது மகனோடு ஜனவரியில் ஒரு சனி, ஞாயிறு பனிச்சறுக்குக்குப் போக ஆசை. மூவருக்கும் இதுதான் முதல் முறை. ‘பியோங்சாங்கில் பனிச்சறுக்கு, வெந்நீர் ஊற்றுக் குளியல், ஓர் இரவு தங்கல்’ என்று ஒரு பேக்கேஜ் பார்த்தோம். பணம் முழுவதையும் இப்போதே கட்ட வேண்டும், ரத்து செய்தால் எதுவும் திரும்பக் கிடைக்காது என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் என்பேன். பியோங்சாங் மோசமான இடம் என்பதால் இல்லை. 2018 குளிர்கால ஒலிம்பிக் நடந்த இடம், 1975-லேயே பனிச்சறுக்கு மையம் திறந்த யோங்பியோங் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அங்குள்ள நீளமான சரிவுகளுக்கும் சேர்த்துத்தான் காசு வாங்குகிறார்கள். முதல் நாள் வருபவர் அரை நாளைத் தொடக்கநிலைச் சரிவில் விழுந்து எழுவதிலேயே கழிப்பார். உச்சிக்குப் போகும் லிஃப்ட் உங்களுக்கு எதற்கு?

அடுத்து, அந்த ‘வெந்நீர் ஊற்று’. பெரிய ரிசார்ட்டுகளில் பலவற்றில் வாட்டர் பார்க் இருக்கும், சவுனா இருக்கும். சூடான தண்ணீர் எல்லாம் ஊற்றுத் தண்ணீர் ஆகிவிடாது. கொரியச் சட்டப்படி, நிலத்தடியிலிருந்து வரும் நீர் 25 டிகிரிக்குக் குறையாமலும் உடலுக்குக் கெடுதல் இல்லாமலும் இருந்தால்தான் அது வெந்நீர் ஊற்று. ஆவி எழும் சிவப்புச் சின்னத்தைச் சாதாரணக் குளியல் விடுதிகளும் மாட்டி வைத்திருக்கும், அதை நம்பாதீர்கள். ‘குளியல் எந்த இடத்தில், அது ஊற்று நீரா?’ என்று எழுத்தில் கேளுங்கள். சோக்சோ என்ற கடலோர ஊர்ப் பக்கம் என்று பதில் வந்தால், அங்கே சொராக் மலையடிவாரத்தில் நல்ல ஊற்றுகள் உண்டுதான். ஆனால் யோங்பியோங்கிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஞாயிற்றுக்கிழமை பாதி பஸ்ஸிலேயே போய்விடும். திரும்பும்போது யோங்தோங் விரைவுச்சாலையில் வார இறுதி நெரிசல் வேறு.

நீங்கள் சுவோனில் இருப்பதால் எளிய வழி ஒன்று இருக்கிறது: உங்களுக்குக் கிட்டத்தில் உள்ள இச்சோன் நகரம். ஜிசான் பனிச்சறுக்கு மையம் அங்கேயே இருக்கிறது, கோன்ஜியாம் என்ற இன்னொரு மையம் பக்கத்து ஊரில். டெர்மெடன் என்ற ஊற்று நீர்க் குளியல் மையமும் இச்சோனில்தான். சனிக்கிழமை பனி, ஞாயிறு காலை வெந்நீர், மதியம் இச்சோன் அரிசிச் சோற்றுச் சாப்பாடு. அந்த ஊர் அரிசிக்குப் பேர்போனது. பத்துப் பதினைந்து சின்னத் தட்டுகளோடு வரும், சைவம் என்றால் மீன் சாறு சேர்ந்த தட்டுகளைக் கேட்டு ஒதுக்க வேண்டும். ராத்தங்கல்கூட கட்டாயம் இல்லை, சனி இரவு வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டுப் போகலாம்.

பணம் திரும்பாது என்ற நிபந்தனைக்கு வருவோம். கொரிய அரசின் நுகர்வோர் தகராறுத் தீர்வு அளவுகோலில், தங்கும் இடத்துக்குக் குளிர்காலச் சீசன் டிசம்பர் 20 முதல் பிப்ரவரி 20 வரை. அந்த நாட்களிலும், தங்கும் தேதிக்குப் பத்து நாள் முன்பே ரத்து செய்தால் முழுத் தொகையும் திரும்ப வேண்டும் என்கிறது அது. நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும், வார இறுதிக்கு இன்னும் அதிகம். ஆனால் இது பரிந்துரைதான். நீங்கள் ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இருந்தால் வாதாட வேண்டியிருக்கும். அதனால் கட்டுவதற்கு முன்பே இதைச் சொல்லிப் பேரம் பேசுங்கள். தகராறு வந்தால் 1372 என்ற நுகர்வோர் ஆலோசனை எண் இருக்கிறது. கொரிய மொழி தெரிந்த சக ஊழியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கேள்வி: சாமான்கள் வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? லிஃப்ட் டிக்கெட் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

பதில்: சறுக்குப் பலகை, பூட்ஸ், ஹெல்மெட், மேல் உடுப்பு எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். கையுறையும் பனிக்கான கண்ணாடியும் பல இடங்களில் வாடகைக்கு இல்லை, அங்கே போய் வாங்கினால் விலை கூட. இவற்றையும் கழுத்துத் துணியையும் ஊரிலேயே டைசோ போன்ற மலிவுப் பொருள் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜீன்ஸ் போட்டுப் போகாதீர்கள், நனைந்தால் அன்றைய பொழுது அவ்வளவுதான்.

ரிசார்ட்டுக்குப் போகும் சாலையோரக் கடைகளில் வாடகை பொதுவாகக் குறைவு, லிஃப்ட் டிக்கெட்டையும் தள்ளுபடியில் தருவார்கள். பலகையை வாங்கும்போதே கீறல்களைப் போனில் படம் எடுத்துவிடுங்கள். அடமானமாக வெளிநாட்டவர் அடையாள அட்டையைக் கேட்டால் கொடுக்காதீர்கள், அதையோ பாஸ்போர்ட்டையோ எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். போன் எண் போதும் என்று சொல்லுங்கள்.

லிஃப்ட் டிக்கெட்டுக்கு எழுதிப் போட்டிருக்கும் விலையை நம்ப வேண்டாம். கொரிய வங்கி அட்டை இருந்தால் எந்த அட்டைக்கு எவ்வளவு கழிவு என்று ரிசார்ட் தளத்தில் பாருங்கள், வித்தியாசம் கணிசமாக இருக்கும். நாள் முழுவதற்கும் வாங்காமல் நான்கு மணி நேர டிக்கெட் எடுங்கள், மிச்சப் பணத்தைப் பயிற்சிக்குப் போடலாம். ஆங்கிலத்தில் சொல்லித்தரும் ஆள் வேண்டுமென்றால் முன்பதிவு அவசியம். பழைய பொருள் விற்கும் செயலிகளில் வரும் டிக்கெட் வேண்டாம், ஏற்கெனவே பயன்படுத்தியதாக இருந்தால் வாசலில் யாரிடம் போய்க் கேட்பது? பையன் சீக்கிரம் சலித்துவிட்டால் ஸ்லெட் சறுக்கு (உட்கார்ந்தபடி பனியில் சறுக்குவது) இருக்கிறதா என்று விசாரியுங்கள், அதற்குத் தனி டிக்கெட், பயிற்சி தேவையில்லை.

கேள்வி: வெந்நீர்க் குளியலில் உடையில்லாமல்தான் இறங்க வேண்டுமாமே? மனைவி தயங்குகிறார்.

பதில்: உள்ளே இருக்கும் குளியல் பகுதியில் ஆமாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி, ஷவரில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் தொட்டியில் இறங்க வேண்டும். ஆனால் வாட்டர் பார்க் மாதிரியான பகுதி உள்ள மையங்களில் நீச்சல் உடையோடு குடும்பமாக இறங்கலாம், தலையில் தொப்பி கேட்பார்கள். டிக்கெட்டில் எந்தப் பகுதி அடக்கம் என்று பார்த்து வாங்குங்கள். இரண்டுக்கும் விலை வேறு. சந்தேகம் இருந்தால் சுற்றுலா உதவி எண் 1330-ஐ அழையுங்கள், ஆங்கிலத்திலேயே பேசலாம்.