கேளுங்க, சொல்றேன்: நியூயார்க் மேயர்ல ஆரம்பிச்ச கேள்விங்க

நியூயார்க் மேயர் எலெக்‌ஷன் முடிஞ்சதுல இருந்து நம்ம கேள்வி பெட்டி பூரா அமெரிக்காதான், தாராவி தண்ணி பிரச்சனை பத்தி கேக்குறவங்க கூட கடைசில ஒரு வரி, அதுல ஜெயிச்ச முஸ்லிம் மேயர் ஸோஹ்ரான் மம்தானி பத்தி சேத்து எழுதிருக்காங்க. அதனால இந்த வாரம் அந்த ஒரே விஷயம், அமெரிக்காவுல பேர் வாங்குன முஸ்லிம்கள். தண்ணி பிரச்சனைய அடுத்த வாரம் வச்சுக்கலாம், அது எங்கயும் ஓடிடாது.

சயான் கோலிவாடா மளிகைக்கடை அண்ணாச்சி: ஸோஹ்ரான் மம்தானிக்கும் நம்ம பம்பாய்க்கும் சொந்தம் இருக்குனு கடைக்கு வர்றவங்க பேசிக்கிறாங்க, நெசமா இல்ல சும்மா அளந்து விடுறாங்களா?

நெசம்தான் அண்ணாச்சி. அவங்க அப்பா மஹ்மூத் மம்தானி 1946ல இதே பம்பாய்ல பொறந்தவரு, குஜராத்தி முஸ்லிம் குடும்பம், வளந்தது உகாண்டாவுல கம்பாலா, இப்ப கொலம்பியா யுனிவர்சிட்டில புரொஃபசர். அம்மா மீரா நாயர் ஒடிசா ரூர்கேலாவுல பொறந்தவங்க, நம்ம ஊர் தெருப் பசங்கள வச்சு 1988ல படம் எடுத்து ஆஸ்கர் நாமினேஷன் வரைக்கும் போனாங்களே, அவங்கதான். பையன் 1991ல கம்பாலாவுல பொறந்து 7 வயசுல நியூயார்க் வந்து, 2018லதான் அமெரிக்க சிட்டிசனே ஆனாரு, அதுக்கப்புறம் குவீன்ஸ்ல அஸ்டோரியா ஏரியா சார்பா ஸ்டேட் அசெம்ப்ளி மெம்பர், 2025 ஜூன்ல டெமாக்ரடிக் கட்சிக்குள்ள நடந்த தேர்தல்ல முன்னாள் கவர்னர் கூமோவையே தோக்கடிச்சாரு, நவம்பர் 4 மேயர் தேர்தல்லயும் அதே கூமோ சுயேச்சையா வந்து திரும்பத் தோத்தாரு. 34 வயசு. 2026 ஜனவரி 1 பொறக்குற நடு ராத்திரில, மூடிக் கெடக்குற பழைய சிட்டி ஹால் சப்வே ஸ்டேஷனுக்குள்ள குர்ஆன் மேல கை வச்சு பதவி ஏத்தாரு.

எனக்குப் பிடிச்சது அவரோட பிரச்சார வீடியோ ஒண்ணு. அங்க கட்சித் தேர்தல்ல ஒரே ஆளுக்கு ஓட்டு போட்டுட்டு வர்றதில்ல, 5 பேரு வரைக்கும் வரிசைப்படுத்தலாம், இத புரிய வைக்க லஸ்ஸி கிளாஸ்களை வச்சுக்கிட்டு இந்தில பேசி, நடுநடுவுல பழைய இந்திப் படத்து சீன்லாம் சேத்து போட்டிருந்தாரு. பேசுனது பூரா வாடகை, பஸ் டிக்கெட், மளிகை விலை. நம்ம பம்பாய் மாநகராட்சி, அதான் பி.எம்.சி., எலெக்‌ஷன்ல நிக்கிறவங்க அந்த வீடியோவ ஒருவாட்டி பாத்தா நல்லாருக்கும்.

செம்பூர் காலேஜ் தம்பி: அப்ப அடுத்து பிரசிடென்ட் தானே அண்ணே?

முடியாது தம்பி. பொறக்கும்போதே அமெரிக்க சிட்டிசனா இருந்தாதான் பிரசிடென்ட் ஆகலாம்னு அவங்க அரசியல் சாசனம் சொல்லுது, இவரு அப்படி இல்ல. மதம் தடையே இல்ல, எந்தப் பதவிக்கும் மதத்த தகுதியா வைக்கக் கூடாதுனு அதே சாசனத்துல 6வது பிரிவுல இருக்கு.

தாராவில இருந்து ஒரு பாய், லெதர் பை கடை வச்சிருக்காரு: குர்ஆன் மேல கை வச்சு முதல்ல பதவி ஏத்தது யாரு, அதுக்கு அங்க எதிர்ப்பு வரலையா?

வராம இருக்குமா பாய். 2006ல மினசோட்டாவுல இருந்து கீத் எல்லிசன்னு ஒரு கறுப்பின வக்கீல் ஜெயிச்சாரு, அமெரிக்க காங்கிரஸுக்கு, அதாவது அவங்க பார்லிமென்ட்டுக்குப் போன முதல் முஸ்லிம். டெட்ராய்ட்ல கத்தோலிக்கக் குடும்பத்துல பொறந்து காலேஜ் படிக்கும்போது இஸ்லாத்துக்கு வந்தவரு. குர்ஆன் வச்சுதான் உறுதிமொழி எடுப்பேன்னு சொன்ன உடனே ஒரே கூச்சல், வர்ஜீனியாவுல இருந்து வந்த வர்ஜில் கூட்னு ஒரு எம்.பி. 'இதுக்குத்தான் குடியேற்றத்த கட்டுப்படுத்தணும்'ங்கிற மாதிரி தொகுதி மக்களுக்கு லெட்டரே எழுதினாரு. எல்லிசனோட முன்னோர்கள் 1700கள்லயே அமெரிக்காவுக்குக் கொண்டு வரப்பட்டவங்க, அவருகிட்டப் போய் குடியேற்றம்!

அவரு சண்டைக்குப் போகல. காங்கிரஸ் லைப்ரரில இருந்து ஒரு பழைய குர்ஆன கேட்டு வாங்கினாரு. ஜார்ஜ் சேல்ங்கிறவரு இங்கிலீஷ்ல பண்ண மொழிபெயர்ப்பு, லண்டன்ல அச்சடிச்சது, ரெண்டு வால்யூம், வாங்கினது யாருன்னா தாமஸ் ஜெஃபர்சன், 1765ல சட்டம் படிச்சுக்கிட்டிருந்தப்ப. சுதந்திரப் பிரகடனத்த எழுதுன ஜெஃபர்சன்தான். 1814ல பிரிட்டிஷ்காரன் வாஷிங்டன்ல தீ வச்சதுல லைப்ரரி எரிஞ்சு போச்சு, மறு வருஷம் ஜெஃபர்சன் தன்னோட 6,000க்கு மேல புஸ்தகத்த காங்கிரஸுக்கு வித்தாரு, 1851ல திரும்பவும் தீ புடிச்சு அதுல மூணுல ரெண்டு பங்கு கிட்ட போயிடுச்சு, இந்த குர்ஆன் தப்பிச்சிருச்சு. அந்த வால்யூம் மேல கை வச்சு 2007 ஜனவரில எல்லிசன் நின்னப்ப எதிர்த்தவங்களால ஒண்ணும் பேச முடியல, ஏன்னா ஜெஃபர்சனோட சொந்த ஊரு இருக்கிறதே அந்த வர்ஜில் கூட் தொகுதிலதான்.

இன்னொரு விஷயம், உண்மையான உறுதிமொழில புஸ்தகமே கெடையாது, சபைல எல்லாரும் மொத்தமா எழுந்து வலது கைய தூக்கி சொல்றதுதான் சட்டப்படி செல்லும், புஸ்தகம்லாம் அப்புறமா போட்டோவுக்கு. இவ்வளவு கூச்சலும் அந்த போட்டோவுக்குத்தான். 2019ல இருந்து எல்லிசன் மினசோட்டா அட்டர்னி ஜெனரல், போலீஸ் கையில செத்த ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலை கேஸ நடத்தி 2021ல அந்த போலீஸ்காரனுக்கு தண்டனை வாங்கிக் குடுத்தது அவரு டீம்தான். நான் எல்லிசன ஞாபகம் வச்சுக்கிறது அதுக்காக, போட்டோவுக்காக இல்ல.

மாட்டுங்கா வாசகி, பேங்க் வேலை: இவங்கள்லாம் நம்ம ஆளுங்க மாதிரி படிக்கவோ வேலைக்கோ விசா வாங்கிட்டு போனவங்க தானே சார், எப்படி அதுக்குள்ள இவ்வளவு மேல வந்தாங்க?

இல்ல மேடம், இந்த நினைப்புதான் பாதிப் பேருக்கு. 1965ல குடியேற்றச் சட்டத்த மாத்தின அப்புறம்தான் நம்ம பக்கத்து டாக்டர், இன்ஜினியர் கூட்டமா போனது. அமெரிக்காவுல முஸ்லிம்கள் அதுக்கு ரொம்ப முந்தியே இருந்தாங்க, அடிமைகளா. மேற்கு ஆப்பிரிக்கால இருந்து புடிச்சுட்டுப் போனவங்கள்ல நெறய பேரு ஓதத் தெரிஞ்சவங்க. உமர் இப்ன் சயீத்னு ஒருத்தரு, இன்னிக்கு செனகல் இருக்கிற பக்கத்துல பொறந்து 25 வருஷம் மார்க்கம் படிச்ச ஆளு, 1807ல சார்ல்ஸ்டன் துறைமுகத்துல கொண்டு போய் வித்தாங்க. ஓடிப் போய் வட கரோலினாவுல மாட்டி ஜெயில்ல கெடந்தப்ப செவுத்துல அரபில எழுதிருக்காரு, பாத்தவங்க அசந்துட்டாங்க. 1831ல தன் வாழ்க்கைக் கதைய அரபிலயே எழுதினாரு, அத ஆரம்பிக்கிறதே 'முல்க்' சூராவ எழுதித்தான், ஆட்சி அதிகாரம் எல்லாம் இறைவன் கையிலனு சொல்ற அத்தியாயம். தன்னை வெல குடுத்து வாங்கின குடும்பத்து வீட்டுல உக்காந்துக்கிட்டு, அவங்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்துல! அந்தக் கையெழுத்துப் பிரதி இப்ப காங்கிரஸ் லைப்ரரில இருக்கு, இன்டர்நெட்லயே பக்கம் பக்கமா பாக்கலாம், பாருங்க.

அந்தத் தலைமுறைக்கு அப்புறம் தொழுகை, பேரு எல்லாம் பெரும்பாலும் அழிஞ்சு போச்சு, 20ம் நூற்றாண்டுலதான் கறுப்பினத்துல நெறய பேரு திரும்ப இஸ்லாத்துக்கு வந்தாங்க, கறுப்பின உரிமைக்குப் போராடுன மால்கம் எக்ஸ் எல்லாம் அந்த அலைல வந்தவரு, 1964ல ஹஜ் போயிட்டு வந்து மனசு மாறி எல்லா நிறத்துக்காரங்களும் ஒண்ணா தொழுறத பத்தி எழுதினாரு, மறு வருஷமே 39 வயசுல சுட்டுக் கொன்னுட்டாங்க. காங்கிரஸுக்குப் போன முதல் ரெண்டு முஸ்லிம்களும், எல்லிசனும் இன்டியானாவோட ஆந்த்ரே கார்சனும், கறுப்பினத்தவங்க. வெளிநாட்டுல பொறந்து வந்து ஜெயிச்ச இல்ஹான் உமர், பாலஸ்தீனக் குடும்பத்து ரஷீதா தலைப் எல்லாம் 2018லதான். அடி வாங்கி கதவ ஒடச்சது ஒருத்தங்க, விசால வந்தவங்க அது வழியா உள்ள போனாங்க, இத நம்ம ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க. இல்ஹான் உமருக்காக சபைல ஒரு விதியே மாத்தினாங்க தெரியுமா, தலைல எதுவும் போடக்கூடாதுனு 1837ல இருந்து இருந்த விதி, அவங்க ஹிஜாபோட உள்ள வரணும்னு 2019ல தளர்த்தினாங்க.

ஆன்டாப் ஹில் பெரியவர், ரிட்டயர்டு போர்ட் டிரஸ்ட்: 1980ல மெட்ராஸ் நேரு ஸ்டேடியத்துல முகமது அலிய நேர்ல பாத்தேன். அவரப் பத்தி நாலு வரியாவது எழுதுங்க தம்பி.

ஐயா, பொறாமையா இருக்கு! ஜிம்மி எல்லிஸ் கூட காட்சிப் போட்டிக்கு வந்தாரே அப்பவா, எம்.ஜி.ஆர். கூட நிக்கிற போட்டோ மட்டும்தான் நமக்கெல்லாம்.

அலி குத்துன குத்தெல்லாம் எல்லாருக்கும் தெரியும், நான் குத்தாத ஒரு நாளப் பத்தி சொல்றேன். 1967 ஏப்ரல் 28, ஹூஸ்டன், வியட்நாம் போருக்கு ஆள் எடுக்குற ஆபீஸ். பேரு கூப்ட்டா ஒரு அடி முன்னாடி வரணும், வந்தா சேந்த மாதிரி. 'கேஷியஸ் க்ளே'னு பழைய பேர சொல்லிக் கூப்டுறாங்க, நகரல, திரும்பத் திரும்ப கூப்டுறாங்க, மனுஷன் நின்ன எடத்துலயே நிக்கிறாரு. அந்த ஒரு அடி வைக்காததுக்கு பட்டம் போச்சு, லைசென்ஸ் போச்சு, 5 வருஷ ஜெயில் தண்டனை, 10,000 டாலர் ஃபைன். அப்பீல்ல வெளிய இருந்தாரே தவிர 25 வயசுல இருந்து 28 வயசு வரைக்கும் ரிங்குல ஏற முடியல, ஒரு பாக்ஸருக்கு அந்த வயசு திரும்ப வருமா ஐயா. 1971ல சுப்ரீம் கோர்ட் 8 நீதிபதியும் ஒரே மனசா தண்டனைய ரத்து பண்ணாங்க. அதுக்கப்புறம்தான் 1974ல ஆப்பிரிக்காவுல கின்ஷாசாவுல அப்ப சாம்பியனா இருந்த ஃபோர்மன சாய்ச்சது.

ஹாலிவுட்ல பிரபலங்க பேர நட்சத்திரமா நடைபாதைல பதிப்பாங்கல்ல, இவருக்கு மட்டும் செவுத்துல. நபிகள் பேரு என் பேர்ல இருக்கு, அத யாரும் மிதிக்கக் கூடாதுனு கேட்டுட்டாரு.

முலுண்ட், சிவில் இன்ஜினியரிங் படிக்கிற தங்கச்சி: அரசியல், விளையாட்டு விட்டா வேற யாருமே இல்லையா?

உங்க டிபார்ட்மென்ட்லயே இருக்காரும்மா, ஃபஸ்லுர் ரஹ்மான் கான். டாக்கா பக்கத்து ஆளு, 1929ல பொறந்து 1952ல ஸ்காலர்ஷிப்ல இல்லினாய் போனவரு, அப்புறம் சிகாகோவுல எஸ்.ஓ.எம்.ங்கிற கட்டட டிசைன் கம்பெனி. அந்தக் காலத்துல உயரக் கட்டடம்னா உள்ள பூரா தூணா நட்டு எலும்புக்கூடு மாதிரி கட்டுவாங்க, மாடி ஏற ஏற காத்து தள்ளுற தள்ளு ஜாஸ்தி, அதத் தாங்க ஸ்டீல் கண்டமேனிக்கு ஆகும். இவரு தூண்கள வெளிச் செவுரு ஓரமா நெருக்கி நெருக்கி கொண்டு வந்து முழுக் கட்டடத்தையும் மூங்கில் மாதிரி ஒரு குழாயா ஆக்கிட்டாரு, காத்த அந்த வெளிப்பக்கமே வாங்கிக்கும். 1969ல ஜான் ஹான்காக் சென்டர், 100 மாடி, வெளிய தெரியுற பெரிய பெரிய குறுக்குச் சட்டம். அடுத்து சியர்ஸ் டவர், 110 மாடி, 442 மீட்டர், 1998 வரைக்கும் உலகத்துலயே ஒசரம். அதுல ஒரு குழாய்க்குப் பதிலா 9 குழாய், ஒவ்வொண்ணும் 75 அடிக்கு 75 அடி சதுரம், ஒண்ணோட ஒண்ணு ஒட்டி. 50வது மாடில 2 நின்னுடும், 66ல 2, 90ல 3, மிச்சம் 2 மட்டும் உச்சி வரைக்கும் போகும், அதான் அது படிப்படியா ஏறுற மாதிரி தெரியுது.

லோயர் பரேல்ல மில்லுங்க இருந்த எடத்துல கட்டியிருக்கிற டவருங்கள லோக்கல் ட்ரெயின்ல போறப்ப பாப்பீங்கல்ல, இன்னிக்கு உலகத்துல உயரமா கட்டுறவங்க யாரும் அவரு போட்ட கணக்க தாண்டி வர முடியாது. ஜித்தா ஏர்போர்ட்ல ஹாஜிகளுக்குன்னு கட்டுன கூடாரக் கூரை டெர்மினலும் இவரு வேலைதான், அதே ஜித்தாவுலதான் 1982ல 52 வயசுல மாரடைப்புல போய்ச் சேந்தாரு. என்னைக் கேட்டா இந்தப் பத்தில நான் சொன்ன எல்லாரையும் விட இவருக்குத்தான் நம்ம ஸ்கூல் புக்ல ஒரு பாடம் வச்சிருக்கணும்.

டோம்பிவிலி அக்கா: நம்ம தமிழ் முஸ்லிம் யாரும் இல்லையா?

அஜீஸ் அன்சாரி இருக்காரே அக்கா! காமெடியன், 1983ல தென் கரோலினாவுல பொறந்தவரு, அப்பா அம்மா தமிழ்நாட்டு முஸ்லிம்கள், அப்பா வயித்து டாக்டர். நெட்ஃப்ளிக்ஸ் சீரிஸ்ல தன் சொந்த அப்பா அம்மாவையே அப்பா அம்மாவா நடிக்க வச்சாரு, அதுக்கு 2018ல கோல்டன் குளோப் வாங்கினாரு. மார்க்கத்த அப்படியே கடைபுடிக்கிற ஆள் இல்லனு அவரே சொல்வாரு. தமிழ் இல்ல, ஆனா சி.என்.என்.ல வர்ற ஃபரீத் ஸக்கரியாவும் மார்க்க விஷயத்துல அப்படித்தான், நம்ம பம்பாய்ல பொறந்து கதீட்ரல் ஸ்கூல்ல படிச்சவரு, அப்பா ரஃபீக் ஸக்கரியா மகாராஷ்ட்ரா மந்திரியா இருந்தவரு. வர்ஜீனியாவுக்கு லெஃப்டினன்ட் கவர்னரா ஜெயிச்ச கஸாலா ஹாஷ்மி ஹைதராபாத்ல பொறந்தவங்க, மம்தானி ஜெயிச்ச அதே நாள்தான் அவங்களும் ஜெயிச்சாங்க, நம்ம பேப்பர்ல ஒரு ஓரத்துல போட்டாங்க.

காட்கோபர் வாசகர்: எல்லாரும் ஒரே கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுவாங்களாமே?

யாரு சொன்னது? டிவி டாக்டர் மெஹ்மத் ஆஸ் 2022ல ரிபப்ளிகன் சார்பா செனட்டுக்கு நின்னு தோத்து இப்ப டிரம்ப் ஆட்சில பெரிய பதவில இருக்காரு. மிச்சிகன்ல ஹாம்ட்ராம்க்னு சின்ன ஊரு, 2021ல கவுன்சில் மொத்தமும் முஸ்லிம், அப்ப மேயரா இருந்தவரு ஏமன்காரரு, அவரு 2024ல டிரம்புக்கு ஆதரவு. மம்தானியும் அந்த மேயரும் ஒரே மேடைல ஏறவே மாட்டாங்க.

தாராவி, 9ம் வகுப்பு தம்பி: நோன்பு வச்சுட்டு பாஸ்கெட்பால் ஆடுனா கோச் திட்டுறாரு, என்ன பண்ண?

ஹக்கீம் ஒலஜுவான்னு சொல்லிப் பாரு. நைஜீரியால இருந்து வந்து ஹூஸ்டன் டீமுக்கு ஆடுனவரு, ஏழடி. 1995 பிப்ரவரில ரம்ஜான், பகல்ல ஒரு சொட்டு தண்ணி இல்லாம மேட்ச் ஆடி அந்த மாசத்து சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினாரு. ஆனா அவரு வளந்த மனுஷன், டீமுக்கு டாக்டரு, டிரெயினர் எல்லாம் இருந்தாங்க. நீ விடியறதுக்கு முந்தி சாப்புடுற சஹர்ல பேரீச்சம்பழமும் தண்ணியும் நல்லா எடுத்துக்க, வெயில் நேர பிராக்டிஸ மட்டும் நோன்பு தொறந்த அப்புறம் வைக்க முடியுமானு அத்தாவ கூட்டிட்டுப் போய் கோச்கிட்ட கேளு.