மர ரேஸ் காரில் அச்சுத் துளைகளை நேராகப் போடுவது எப்படி?

கட்டையைக் கார் வடிவத்துக்குச் செதுக்கி, உப்புத்தாள் போட்டு முடித்த பிறகு கை டிரில்லால் அச்சுத் துளை போட்டதாகச் சொல்கிறீர்கள். இப்போது கார் ஒரு பக்கமாக இழுத்து, தடத்தின் நடுப்பட்டையில் உரசிக்கொண்டே இறங்குகிறது. என் மகளுக்குச் செய்த முதல் காரில் நானும் அதே வரிசையில்தான் வேலை செய்தேன், அதே கோளாறுதான் வந்தது. அழகாக வளைத்துச் செதுக்கிய கட்டையில் மூலைமட்டம் வைக்க ஒரு நேரான முகம்கூட மிச்சமில்லை. அதனால் முதலில் துளை, அப்புறம்தான் வடிவம். கட்டை செவ்வகமாக இருக்கும்போதே நான்கு துளைகளையும் போட்டுவிடுங்கள்.

எந்தப் பிழை எவ்வளவு கெடுக்கும் என்று தெரிந்தால் எங்கே கவனம் வைப்பது என்பதும் தெரியும். துளை அரை மில்லிமீட்டர் முன்னே பின்னே தள்ளிப் போனால் பெரிய நட்டமில்லை. சக்கரம் நேராகவே பார்க்கும். உயரத்தில் தவறினால் ஒரு சக்கரம் தரையைத் தொடாமல் நிற்கும், இல்லையென்றால் கார் ஆடும். கோணத்தில் தவறுவதுதான் மோசம். பைன்வுட் டெர்பி (பைன் மரக் கட்டையில் செய்த சிறு கார்களைச் சரிவான தடத்தில் ஓடவிடும் போட்டி) கட்டையின் அகலம் 1¾ அங்குலம், அதாவது சுமார் 44 மில்லிமீட்டர். ஒரே ஒரு பாகை சாய்ந்தாலும் ஒரு பக்கம் நுழைந்த பிட் (டிரில்லின் துளையிடும் அலகு) மறுபக்கம் முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் விலகித்தான் வெளியே வரும். சாய்வு முன்பின்னாக இருந்தால் சக்கரம் காரைத் திருப்பும். மேல்கீழாக இருந்தால் சக்கரம் ஓடும்போது அச்சாகச் செருகிய ஆணியின் தலையை நோக்கியோ கட்டையை நோக்கியோ நகர்ந்து உரசும்.

இதற்குக் கை டிரில் சரிப்படாது. மேசையோடு கூடிய நிற்கும் டிரில்லிங் மெஷின் வேண்டும். அது கிடைத்தாலும் மேசை மட்டமாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். ஒரு தடித்த கம்பியை இசட் எழுத்து மாதிரி வளைத்துச் சக்கில் (பிட்டைப் பிடிக்கும் பகுதியில்) மாட்டி, நுனி மேசையை லேசாகத் தொடும்படி இறக்குங்கள். மின் இணைப்பைக் கழற்றிவிட்டுச் சக்கைக் கையால் சுற்றுங்கள். நான்கு பக்கமும் ஒரே மாதிரி தொட்டால் மேசை சரி. ஒரு பக்கம் அழுத்தி, எதிர்ப்பக்கம் இடைவெளி தெரிந்தால் மேசையைத் திருத்திய பிறகே மரத்தைத் தொடுங்கள். மெல்லிய பிட்டின் மேல் மூலைமட்டத்தை வைத்துப் பார்ப்பதைவிட எனக்கு இந்தச் சோதனையில்தான் நம்பிக்கை அதிகம்.

அடுத்து, ஆதார முகம். மேசையில் ஒரு நேரான பலகையைத் தடுப்பாகக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கட்டையைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, காரின் அடிப்பாகம் எப்போதும் தடுப்பை ஒட்டியிருக்கும்படி நான்கு துளைகளையும் போடுங்கள். இடதுபக்கம் முடித்துக் கட்டையைப் புரட்டினாலும் அதே அடிமுகம்தான் தடுப்பில் உட்கார வேண்டும். தடுப்பை நடுவில் நகர்த்தவே கூடாது. அப்போது நான்கு துளைகளும் அடியிலிருந்து ஒரே உயரத்தில் அமையும். ஒரு முன்சக்கரத்தை மட்டும் தரையைத் தொடாமல் வைக்க விரும்பினால், அந்த ஒரு துளையை விட்டுவிட்டு மற்ற மூன்று துளைகளுக்கும் கட்டைக்கும் தடுப்புக்கும் நடுவே மெல்லிய அட்டைத் துண்டைச் செருகினால் போதும். ஒரே பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை துளைக்காதீர்கள். ஆழம் கூடக் கூட மெல்லிய பிட் வளையும். இரண்டு பக்கமும் தனித்தனியாக, ஆணி போகும் ஆழத்துக்கு மட்டும் போடுங்கள்.

பெட்டியில் வந்த கட்டை என்றால் அச்சைப் பொருத்த அடிமுகத்தில் காடி (நீளமான பள்ளம்) வெட்டியே இருக்கும். கட்டையைத் தலைகீழாகத் திருப்பி, காடி இல்லாத முகத்தை அடியாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் போட்டியின் விதி இதற்கு இடம் தருகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், சில இடங்களில் காடியைத்தான் பயன்படுத்தச் சொல்வார்கள்.

பைன் மரத்தில் இன்னொரு தொல்லை உண்டு. அதன் ஆண்டு வளையங்களில் மென்மையான பட்டையும் கடினமான பட்டையும் மாறி மாறி வரும். பிட்டின் நுனி கடினமான கோட்டில் பட்டதும் வழுக்கி மென்மையான பக்கம் போய்விடும். மேசை எவ்வளவு மட்டமாக இருந்தாலும் இது நடக்கும். குத்தூசியால் ஆழமாக ஒரு குழி போட்டுக்கொள்ளுங்கள். பிட் சக்குக்கு வெளியே தேவையான அளவு மட்டும் நீட்டியிருக்கட்டும், நீளம் குறைந்தால் வளைவும் குறையும். வேகம் கூடுதலாக, அழுத்தம் குறைவாக இருக்கட்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கியதும் பிட்டை மேலே எடுத்துத் தூளை வெளியேற்றிவிட்டு மறுபடி இறக்குங்கள். மழுங்கிய பிட்டோடு போராட வேண்டாம், புதியது ஒன்று வாங்கிவிடுங்கள்.

துளையின் அளவு: டெர்பி ஆணிகளுக்கு 44ஆம் எண் பிட், அதாவது சுமார் 2.18 மில்லிமீட்டர், பெரும்பாலும் பொருந்தும். ஆனால் எல்லா ஆணியும் ஒரே தடிமனில் வருவதில்லை. அதே மரத்தின் கழிவுத் துண்டில் ஒரு துளை போட்டுப் பாருங்கள். ஆணி கையால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும், கவிழ்த்தால் விழக்கூடாது.

துளைகள் முடிந்ததும், செதுக்குவதற்கு முன்பே, ஒவ்வொன்றிலும் ஒரே தடிமனுள்ள நேரான எஃகுக் கம்பியைச் செருகுங்கள். முன் பின் கம்பிகளுக்கு இடையிலான தூரத்தைக் கட்டையை ஒட்டி ஒரு முறையும், வெளிநுனியில் ஒரு முறையும் வெர்னியர் காலிப்பரால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்தப் பக்கத்துத் துளைகள் இணையாக இருக்கின்றன. விலகிய துளையைப் பெரிதாக்கிச் சரிசெய்ய முயல வேண்டாம். பசை தடவிய கடின மரக் குச்சியால் முழுக்க அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, அதே தடுப்பில் வைத்துப் புதிதாகத் துளையுங்கள். ஏற்கெனவே செதுக்கி முடித்த உங்கள் காரையும் இப்படி மீட்கலாம். அடிமுகம் தட்டையாக மிஞ்சியிருந்து, பக்கவாட்டில் ஆடாமல் படுக்க வைத்துக் கிளாம்ப் போட முடிந்தால் போதும்.