காப்பகமாக அறிவிக்கப்பட்ட நிலத்தில் எண்ணெய் ஏலம் எப்படிச் சாத்தியம்?

அலாஸ்காவின் ஆர்க்டிக் தேசிய வனவிலங்குக் காப்பகத்தைப் பற்றிய இக்கேள்விக்கான விடை 1980-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. அப்போதைய அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட அச்சட்டம் காப்பகத்தை ஏறத்தாழ 1.9 கோடி ஏக்கராக விரிவாக்கியபோதிலும், பியூஃபோர்ட் கடலையொட்டிய சுமார் 15 லட்சம் ஏக்கர் சமவெளியை நிரந்தரக் காட்டுநிலமாக அறிவிக்காமல், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அனுமதித்தாலன்றி அங்கே எண்ணெய் எடுக்கக் கூடாது என்பதோடு நின்றுவிட்டது. ஒரு காங்கிரஸ் பூட்டியதை இன்னொரு காங்கிரஸ் திறக்கலாம். 2017-இல் அது வரிச் சட்டமொன்றின் வழியாகத் திறக்கப்பட்டது. வரிச் சட்டத்தில் காப்பகத்துக்கு என்ன வேலை என்றால், அவ்வழியில் நாடாளுமன்ற மேலவையான செனட்டில் வழக்கமாகத் தேவைப்படும் கூடுதல் ஆதரவின்றி எளிய பெரும்பான்மையே போதும்.

அச்சமவெளியில்தான் போர்க்குபைன் கரிபூ மான்கூட்டம் பெரும்பாலான ஆண்டுகளில் ஜூன் தொடக்கத்தில் கன்று ஈனுகிறது. அங்கே ஓநாய்கள் குறைவு. கடற்காற்று கொசுக்களை விரட்டுகிறது. பனி விலகிய இடத்தில் முளைக்கும் இளம்புல் தாய்மான்களுக்குப் பால் ஊறச் செய்கிறது. கன்றோடு நிற்கும் தாய்மான்கள் சாலைகளையும் குழாய்களையும் விட்டு ஒதுங்குவதால், கிணறுகள் சிறிதளவு நிலத்தையே பிடிக்கும் என்ற வாதம் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. இம்மான்களை நம்பி வாழும் குவிச்சின் பழங்குடி மக்கள் எண்ணெய் எடுப்பதை எதிர்க்க, காப்பகத்துக்குள்ளேயே வாழும் காக்டோவிக் ஊரின் இனுபியாட் பழங்குடித் தலைவர்கள் பலர் வருவாய் கருதி ஆதரிக்கின்றனர் என்பதையும் மறைக்கலாகாது.

2021 ஏலத்தில் பெருநிறுவனங்கள் எவையும் பங்கேற்கவில்லை; பெரும்பாலான குத்தகைகளை அலாஸ்கா மாநில அரசின் அமைப்பே எடுத்தது. 2025 ஜனவரி ஏலத்துக்கு ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. ஆயினும் அதே ஆண்டு ஜூலையில் நிறைவேறிய சட்டம் மேலும் நான்கு ஏலங்களைக் கட்டாயமாக்கியுள்ளது.